கைத்துணை இல்லாத பெட்டி

இன்னும் கொஞ்ச வருஷம் கழித்து நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஈரோடு ஈரோடாகத்தான் இருக்கிறது. மணிக்கூண்டுப் பக்கம் ஜவுளிக் கூட்டம் அப்படியே, வெயிலும் அப்படியே. மாறியது ஒன்றுதான். அந்தக் காலத்தில் யாரும் கணினியைச் சொந்தமாக வாங்குவதில்லை. கரண்டு மாதிரி, கேபிள் மாதிரி, அதுவும் மாத வாடகைக்கு வரும். பெட்டி நிறுவனத்துடையது, அதற்குள் இருக்கும் அறிவும் நிறுவனத்துடையது. உங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கருங்கல்பாளையத்தில் கோகிலவாணி அப்படி ஒரு பெட்டியில்தான் பல வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. பார்த்த வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். ரவிக்கைக் கையிலும் முதுகிலும் மிஷினில் பூ வேலை போடுகிறார்கள் அல்லவா, அந்த மிஷினுக்கு ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கணினியில் கோடு கோடாகப் போட்டுக் கொடுக்கும் வேலை. மிஷினுக்கு மயிலும் தெரியாது, மாங்காயும் தெரியாது. கோகிலவாணி மவுஸைப் பிடித்துக் கழுத்து இப்படி வளைகிறது, தோகை இங்கே விரிகிறது என்று காட்டினால்தான் அது மயில் ஆகும். அவள் போடும் மயிலுக்கு ஊரில் பெயர் இருந்தது. பழனியப்பன் என்ற எம்பிராய்டரி முதலாளி தன் வேலை முழுவதையும் அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பெட்டியின் திரையில் ஒரு செய்தி வந்தது. பயனாளர் தொடர்ச்சி உறுதிப்படாததால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று இருந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன் பண்ணிக் கேட்டாள். தேன் தடவின மாதிரி ஒரு குரல் அதே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. காரணம் கேட்டால், காரணம் நிறுவனத்தின் உள்விவகாரம் என்றது. அந்த வாரமே இரண்டு பேர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டி இருந்த இடத்துத் தூசியைத் துடைத்துவிட்டுப் போனதைச் சொல்லியாக வேண்டும். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

அவள் கணவர் மோகனசுந்தரம் விசைத்தறி மெக்கானிக். கைவேலை சுத்தம். தறி ஓடும்போதே காது கொடுத்துக் கேட்டு எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். பேச்சுதான் குறைவு. அன்று அவர் சொன்னதும் கொஞ்சம்தான். இன்னொரு நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். கேட்டார்கள். அங்கேயும் அதே வாக்கியம் வந்தது. எல்லாப் பெட்டிகளும் உள்ளுக்குள் பேசிக்கொள்ளும் போலிருக்கிறது.

தீபாவளி வேலை வரும் நேரம். கையில் பெட்டி இல்லாவிட்டால் பழனியப்பன் எத்தனை நாள் பொறுப்பார்? சூரத்துக்கு அனுப்பிவிடுவார். ஒரு தடவை அங்கே போன வேலை திரும்பி வராது. இதுதான் கோகிலவாணிக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

பைரோஸ் கடையைப் பற்றி அப்போதுதான் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பேங்குகளும் காலேஜுகளும் எப்போதோ கழித்துக் கட்டிய பழைய கணினிகளை வாங்கிப் போட்டு, ஒன்றின் நெஞ்சையும் இன்னொன்றின் வயிற்றையும் சேர்த்து ஆள் எழுப்புகிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்நேரமும் காதில் ஒரு திருகாணி முடுக்கியைச் செருகிக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருப்பான்.

அவன் காட்டிய பெட்டி கறுப்பாக, கனமாக, ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. இதற்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது, சுவிட்சை அணைத்தால் உண்மையிலேயே அணைந்துவிடும் என்றான். வாடகைப் பெட்டிகள் அணைவதே இல்லை, அணைந்த மாதிரி இருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மெமரி இரண்டு போடலாம், டிஸ்க் புதுசு போட்டால் நல்லது, மானிட்டர் பழசே போதும், ஆனால் பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனான். மொத்தமும் சேர்த்து அவள் மூன்று மாதம் கட்டிய வாடகைக்குள் அடங்கிவிட்டது.

"உள்ள எந்தக் கம்பெனி தம்பி?" என்று கேட்டாள்.

"கம்பெனியே இல்லீங்க்கா. லினக்ஸு. எங்க பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்சறோமில்லீங்களா, ஒருத்தர் அரிசி தருவாங்க, ஒருத்தர் கறி தருவாங்க, ஒருத்தர் வந்து கிண்டிட்டுப் போவாங்க. யாரு வேணும்னாலும் தூக்குவாளி எடுத்துட்டு வரலாம். அந்த மாதிரி. உலகம் பூரா இருக்கறவங்க ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்தது. பஞ்சிங் பண்றதுக்கும் இதுலயே இருக்குது."

"நல்லா வருமா?"

"உங்க கை எப்படியோ அப்படி வரும்," என்றான் பைரோஸ். சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னான், பாவம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததும் கோகிலவாணி சந்தனம் குழைத்துப் பெட்டியின் தலையில் ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். பொட்டு உருண்டையாக வராமல் கீழே கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது. மோகனசுந்தரம் எட்டிப் பார்த்து, பொட்டுக்கு வால் முளைத்திருக்கிறது என்று கிண்டல் பண்ணினார்.

"சந்தனம் தண்ணியாயிடுச்சுங்க மாமா," என்றாள்.

அவர் பெட்டியில் ஒட்டியிருந்த லினக்ஸ் பென்குயின் படத்தைக் காட்டி இது என்ன கோழியா என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆடி மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

முதல் வேலை ஒரு மயில்தான். நாலு நாள் பழகியபின் போட்டு அனுப்பினாள். திரையில் கோடு கொஞ்சம் பிசிறாகத் தெரிந்தது, பழைய மானிட்டர்தானே என்று விட்டுவிட்டாள். மறுநாள் பழனியப்பன் போன் பண்ணினார்.

"ஏனுங்க அம்மணி, மயிலுக்குக் குளிர் காய்ச்சலுங்களா? கழுத்து வெடவெடன்னு நடுங்குதுங்க. ரெண்டு எடத்துல நூலும் அந்துபோச்சு."

இத்தனை வருஷத்தில் ஒரு துணி அவள் பெயரால் திரும்பியதில்லை. தைத்த துணித்துண்டை வாங்கிவந்து பார்த்தாள். கழுத்துக் கோடு பல் பல்லாக ஓடியிருந்தது. பெட்டியை மோகனசுந்தரத்தின் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே பைரோஸ் கடைக்குப் போனாள். ஓட்டைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டாய் என்று அவள் சொன்னதும், பைரோஸ் கோபப்படாமல் மவுஸை மாற்றிக் கொடுத்தான். இரண்டு நாளில் திரும்பி வந்தாள். மவுஸ் போய் கிராபிக்ஸ் அட்டை, அட்டை போய் மெமரி, கடைசியில் கேபிள் என்று ஒவ்வொன்றாக மாற்றினான். அவனுக்கும் பெட்டியில்தான் கோளாறு என்று உறுதி. பழைய சாமானை நம்பித் தொழில் பண்ணுகிறவனுக்கு முதல் சந்தேகம் சாமான் மேல்தான் போகும்.

ஐந்தாவது தடவை, இனி மாற்ற ஒன்றும் இல்லை என்று ஆனபின், அவனே உட்கார்ந்து மவுஸைப் பிடித்து இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரு கோடு இழுத்தான். கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. கோகிலவாணியை இழுக்கச் சொன்னான். பல் பல்லாக வந்தது. அவன் மறுபடி இழுத்தான். அவள் மறுபடி இழுத்தாள்.

பைரோஸ் காதிலிருந்த முடுக்கியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

கோகிலவாணி வலது கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டாள். சும்மா வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது செய்யப்போகும்போதுதான் விரல் நுனியில் ஒரு சின்ன ஆட்டம். காபி தளும்பும்போதெல்லாம் டம்ளர் சூடு என்று நினைத்திருக்கிறாள். ஊசியில் நூல் கோக்க முடியாதபோது கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் கையால் எழுதுவதே யாருக்கும் கிடையாது, கட்டைவிரல் வைத்தால் எல்லாம் நடந்துவிடும். எழுதியிருந்தால் எழுத்தாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

"அப்ப அந்தப் பெட்டில எப்படி தம்பி நேரா வந்துச்சு?"

பைரோஸ் எழுந்து போனான். டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அதுல கைத்துணைன்னு ஒண்ணு இருக்குதுங்க்கா. நம்ம கை எப்படிப் போகுதுன்னு பாத்துப் பாத்துப் படிச்சுக்கும். ஆட்டம் எவ்வளவு, நெசமாப் போக நெனச்ச எடம் எது, ரெண்டையும் பிரிச்சுடும். ஆட்டத்தைக் கழிச்சுட்டு மீதியத்தான் திரையில காட்டும். நமக்கு நல்லதுன்னுதான் வெக்கறாங்க."

"கழிச்ச ஆட்டத்தை என்ன பண்ணும்?"

"எங்க போடும், அவங்ககிட்டத்தான் இருக்கும்."

"எத்தனை வருசமா?"

"அது அவங்களுக்குத்தானுங்க தெரியும்."

டீ ஆறிப்போனது. பயனாளர் தொடர்ச்சி உறுதிப்படவில்லை என்ற வாக்கியத்துக்கு அப்போது அவளுக்கு அர்த்தம் விளங்கியது. கொஞ்ச நாளில் வேலை செய்ய முடியாமல் போகப்போகிறவளுக்கு எதற்கு நீண்ட ஒப்பந்தம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவள் கையைப் பற்றி அவளுக்குத் தெரிவதற்கு முன்பே, முன்பின் தெரியாத யார் யாருக்கோ தெரிந்திருக்கிறது. தெரிந்ததை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் கோட்டை நேராக்கி நேராக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

பைரோஸ் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். இதே மாதிரி லினக்ஸிலும் செய்யலாம். எங்கேயோ ஒரு நாட்டில் கை நடுங்கும் ஒருத்தர் தனக்காக எழுதி, எல்லாருக்கும் ஆகட்டும் என்று விட்டுவைத்த நிரல் ஒன்று இருக்கிறது. "ரெண்டாந்தடவை வந்தப்பவே கைதான்னு தெரிஞ்சிருந்தா, உங்ககிட்டச் சொல்லாமயே போட்டுக் குடுத்திருப்பனுங்க்கா. நல்லவேளை, எனக்கும் தெரியல."

அவள் யோசித்தாள். வேலைக்கு அது வேண்டும். மயில் நடுங்கக் கூடாது, பழனியப்பனுக்கு அவள் உடம்புக் கதை தேவையில்லை. ஆனால் தனக்கு அது வேண்டாம் என்றாள். இரண்டும் எப்படி நடக்கும் என்று பைரோஸ் விழித்தான். விளக்குக்குப் போடுவது மாதிரி ஒரு சுவிட்ச் வை என்றாள். மேலே தள்ளினால் துணை வரட்டும், கீழே தள்ளினால் என் கை மட்டும் வரட்டும்.

பழைய பெட்டிகளில் சிடி போட ஒரு வாய் இருக்கும். அந்த வாய் இருந்த இடத்தில் பைரோஸ் ஒரு சுவிட்சைப் பொருத்தி, இரண்டு வயரை உள்ளே இழுத்துக் கொடுத்தான்.

டாக்டரிடம் மோகனசுந்தரம்தான் கூட்டிப்போனார். நடுக்க நோயின் ஆரம்பம் என்றார் அந்த டாக்டரம்மா. எப்போதிருந்து என்று கேட்டார், அது அந்த நிறுவனத்துக்குத்தான் தெரியும். மாத்திரை கொடுத்தார். கூடுகிறதா, குறைகிறதா என்று தெரிந்தால்தான் மாத்திரையின் அளவை மாற்ற முடியும், தினமும் காலையில் ஒரு கோடு போட்டு வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதிலிருந்து அது வழக்கமானது. காலையில் குளித்துவிட்டு வந்து, சுவிட்சைக் கீழே தள்ளி, இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுப்பாள். தேதி போட்டுச் சேமிப்பாள். பிறகு சுவிட்சை மேலே தள்ளிவிட்டு மயிலையோ மாங்காயையோ எடுப்பாள். பழனியப்பன் மயிலுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்து, தீபாவளி வேலை முழுவதையும் அனுப்பிவைத்தார். பிழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் காலைக் கோடு ஒன்றுதான், போட்டு முடித்ததும் அவள் முகத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். எழுந்து சமையலறைக்குப் போவாள். மோகனசுந்தரம் ஈசிசேரில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பேப்பருக்கு மேலாக அந்த முகத்தைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுதபூசை வந்தது. ஈரோட்டில் அன்றைக்குத் தறிச் சத்தம் நின்றுபோனால் ஊருக்கே காது அடைத்த மாதிரி இருக்கும். மோகனசுந்தரம் தன் ஸ்பேனர், முடுக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார். கோகிலவாணியின் பெட்டிக்கும் ஊதுகுழாயால் தூசி எடுத்துக் கொடுத்தார். அவள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். பெட்டிக்குத் தலையில் ஒன்று, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒன்று, பக்கவாட்டு மூடியின் நாலு திருகாணிகள்மேலும் ஒவ்வொன்று. பொரி கடலை வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். இனி மறுநாள் காலை மறுபூசை வரை எதையும் தொடக் கூடாது. அதில் மோகனசுந்தரம் ரொம்பக் கண்டிப்பு. குழாய் ஒழுகினால்கூட அன்றைக்கு ஸ்பேனர் எடுக்க மாட்டார், வாளி வைத்துவிடுவார். சாயங்காலம் அவள் தங்கச்சி வீட்டுக்குப் பொரி கொடுக்கப் போனாள். அவர் வரவில்லை, படுத்திருக்கிறேன் என்றார்.

மறுநாள் கற்பூரம் காட்டிவிட்டுக் கோகிலவாணி பெட்டியின் முன் உட்கார்ந்தாள். சுவிட்சைக் கீழே தள்ளினாள். கோடு இழுத்தாள்.

கோடு நேராக வந்தது.

நம்பாமல் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள். கீழேதான் இருந்தது. இன்னொன்று இழுத்தாள். அதுவும் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி நேராக ஓடியது. மாமா இங்கே வாருங்கள் என்று கூப்பிட்டாள். அவர் வந்து நின்றார். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, நான்தான் சொன்னேனே என்றார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். அவள் சிரித்தாள். பைரோஸுக்குப் போன் பண்ணிச் சொன்னாள், அவன் அந்தப் பக்கம் அல்ஹம்துலில்லா என்றான். கேசரி கிண்டலாம் என்று எழுந்தாள்.

பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போக வேண்டும். போகிற போக்கில் பக்கவாட்டு மூடி கண்ணில் பட்டது. நின்றாள். குனிந்து பார்த்தாள்.

தலைப்பொட்டைப் பார்த்தாள். அதற்கு வால் இருந்தது. சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்த பொட்டுக்கும் வால் இருந்தது, அது வலது பக்கம் வளைந்திருந்தது. மூடியில் இருந்த நாலு பொட்டுகளுக்கு மட்டும் வால் இல்லை. நாலும் அச்சில் வார்த்தமாதிரி, ஒரே அளவில், உருண்டையாக இருந்தன. நடுவில் குங்குமம் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் அங்கேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஈசிசேருக்குத் திரும்பியிருந்தவரை அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"மாமா, இந்த நாலு பொட்டையும் வெச்சது யாருங்க?"

"நீதான் வெச்ச," என்றார் அவர், பேப்பரை மடிக்காமல்.

"நான் வெச்சா வால் இருக்குமுங்களே."

பேப்பர் கீழே இறங்கியது. மோகனசுந்தரம் பொய் சொல்லிப் பழகாத மனுசன். நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டில் இல்லாதபோது மூடியைக் கழற்றி, சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் உள்ளேயே முறுக்கி ஒன்றாக்கிவிட்டிருக்கிறார். இனி சுவிட்ச் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் துணை வந்துகொண்டேதான் இருக்கும். தறி மெக்கானிக்குக்கு அது ஒரு வேலையே இல்லை. மூடியை மாட்டியபின், அழிந்த பொட்டுகளுக்குப் பதிலாகத் தன் கட்டைவிரலால் புதுசாக வைத்திருக்கிறார். அந்த விரலுக்கு உருண்டையைத் தவிர வேறு வைக்கத் தெரியவில்லை.

"காலைல அந்தக் கோட்டைப் போட்டுட்டு நீ எந்திரிச்சுப் போவ பாரு அம்மணி, அதை என்னால பாக்க முடியல. ஒரு நாளைக்காவது சிரிச்சுட்டு எந்திரிக்கட்டும்னு..." பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

கோகிலவாணிக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. ஆயுதபூசையன்று ஒழுகும் குழாய்க்குக்கூடக் கை வைக்காதவர், அன்றைக்குப் போய் முடுக்கியை எடுத்திருக்கிறார். எவ்வளவு யோசித்து எடுத்திருப்பார்.

"அந்த வாடகைப் பெட்டியும் எனக்கு நல்லதுன்னுதானுங்க மாமா பண்ணுச்சு," என்றாள்.

அவர் எழுந்து போனார். பூசை இடத்திலிருந்து முடுக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லா ஆயுதத்திலும் சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது, அந்த ஒன்றின் பிடியில் மட்டும் தேய்ந்து போயிருந்தது. நாலு திருகாணியையும் கழற்றி, முறுக்கிய வயரைப் பிரித்து, பழையபடி மாட்டினார். அவர் விலகி நிற்காமல் பக்கத்திலேயே நின்றுகொள்ள, அவள் சுவிட்சைக் கீழே தள்ளிக் கோடு இழுத்தாள்.

பல் பல்லாக ஓடியது. காலையில் போட்ட இரண்டு நேர்கோடுகளையும் அழித்தாள். போன வாரத்துக் கோட்டை எடுத்து இதற்குக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்கள்.

"கொஞ்சம் கொறைஞ்சிருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அதேதான்." இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். "ஆனா கூடல."

அதற்குத் தேதி போட்டுச் சேமித்தாள்.

மோகனசுந்தரம் மூடியை முடுக்கிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விரலைத் தொட்டு நாலு திருகாணிக்கும் வைத்தாள். ஒன்று கீழே இழுத்தது, ஒன்று பக்கவாட்டில் போனது, ஒன்று இரண்டாகப் பிரிந்தது. நாலாவதை அவர் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு வால் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்குது," என்றார்.

"சந்தனம் இன்னைக்குக் கெட்டிங்க மாமா. அதான்," என்றாள் கோகிலவாணி. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கேசரிக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.